அக்காவின் மாத்திரை

எங்கள் தெருவில் அவரை 'சட்டம்' என்றால்தான் தெரியும். புகைப்படம், சான்றிதழ், முகம் பார்க்கிற கண்ணாடி என்று எதைக் கொடுத்தாலும் மரச்சட்டம் போட்டுக் கொடுப்பார். முதல் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கூடப் போன நண்பர் "சட்டம், இப்படி வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். பதிவு மேசையில் இருந்தவர் வக்கீல் வந்திருக்கிறார் என்று நினைத்து, எழுந்து தன் நாற்காலியையே கொடுத்துவிட்டாராம். "நானும் மறுக்கலை. நிக்கத் தெம்பு இருந்தாத்தானே மறுக்கறதுக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் பக்கத்தில் நகல் எடுக்கிற கடை வைத்திருக்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் சுத்தியலைக் கீழே வைத்தால் எனக்குக் கேட்கும். நான் தும்மினால் அவர் அந்தப் பக்கமிருந்து "போய் மாத்திரை போடுங்க" என்பார். மாத்திரை என்ற சொல்லை அவ்வளவு சலிப்போடு சொல்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. போகிற போக்கில் இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது ரொம்ப காலம் யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, கடை ஷட்டரைத் தூக்கினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைத் திறந்து, கெட்ட வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். இரட்டைக் கதவு மாதிரி இரண்டு சின்னத் தகடுகள் ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடும். அந்தச் சத்தம் வெளியேயும் கேட்கும். கடைக்கு வருகிறவர்கள் சுவரில் கடிகாரத்தைத் தேடுவார்கள். "கடிகாரம் இல்லைங்க, நான்தான் ஓடிக்கிட்டிருக்கேன்" என்பார்.

வால்வோடு கூடவே வந்ததுதான் அந்த மாத்திரை. வேற்றுப் பொருளைக் கண்டால் ரத்தம் அதன்மேல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய கட்டி கதவை அடைக்கலாம், பிய்ந்து மூளைக்குப் போகலாம். அது நடக்காமல் இருக்க, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிற மாத்திரையை உயிருள்ளவரை சாப்பிட வேண்டும். அதிலும் ஒரு தொல்லை. அளவு கூடினால் சும்மாவே எங்காவது ரத்தம் கசியும். குறைந்தால் கட்டி விழும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. கீரையை வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டால் மாத்திரையின் வேகம் குறையும். சளிக்கு வேறு மருந்து சாப்பிட்டால் கூடும்.

"கண்ணாடி வெட்டற மாதிரிதான்" என்று எனக்கு ஒருநாள் விளக்கினார். "ரொம்ப அழுத்தினா உடைஞ்சுடும். அழுத்தலைன்னா கோடே விழாது. ஒரே வித்தியாசம், கண்ணாடின்னா உடைஞ்சா வேற வாங்கிக்கலாம்."

அவர் தன் கையால் கண்ணாடி வெட்டக் கூடாது என்று மனைவி எப்போதோ தடுத்துவிட்டிருந்தார். அந்த அம்மா ஒரு லாண்டரியில் துணி வாங்கிக் கொடுக்கிற வேலையில் இருந்தார். மதியச் சாப்பாட்டு வேளையில் கடைக்கு வந்து, கணவரின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கீறல் இருக்கிறதா, எங்காவது நீலம் பாய்ந்திருக்கிறதா என்று. அளவுக்கு வெட்டிய கண்ணாடியை மொத்தக்கடையிலிருந்தே வரவழைத்து, தோல் கையுறை போட்டுக்கொண்டுதான் சட்டத்தில் பொருத்த வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. "வீட்டுச் சட்டம்" என்று இவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு தடவை ஈறு வீங்கி, தெரிந்த கடையில் ஏதோ மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். அந்த வாரமே கடையில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. நான் ஓடிப் போனபோது, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் யாருடைய கல்யாணப் படத்தையோ மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். "படத்துல படலையே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. துண்டு நனைந்து, என் கடைத் துணி நனைந்து, ஆஸ்பத்திரிப் படுக்கையும் நனைந்த பிறகுதான் ரத்தம் நின்றது. திரும்பி வந்த மனிதர் பழைய மனிதராக இல்லை. கோபமோ பயமோ இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு அலுப்புதான் வந்து உட்கார்ந்துகொண்டது. பரிசோதனை நாளன்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் பார்த்தால், வேலைக்குப் போகப் பிடிக்காமல் போகிற ஆளைப் போல இருக்கும்.

அவருக்கு ஒரு அக்கா உண்டு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். விசில் ஊதாமலே விசில் ஊதின மாதிரி பேசுவார். அவருக்கு ஒருநாள் படபடப்பு வந்து, இதயத் துடிப்பு தாளம் தப்பி அடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அப்படி அடித்தாலும் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம் என்பதால் அவருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தம்பி பார்க்கப் போயிருந்தபோது, அக்கா ஒரு தட்டு நிறையக் கீரையை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இவ்வளவு கீரை சாப்பிடக் கூடாது. யாரும் சொல்லலையா?"

"அது உன் மாத்திரைக்குடா. என்னோடது புதுசாம். என்ன வேணா சாப்பிடலாம்."

"ரத்த டெஸ்ட்டு?"

"மாசாமாசம் எல்லாம் கிடையாது. எப்பவாவது கிட்னியை மட்டும் பார்ப்பாங்களாம். அவ்வளவுதான்."

தம்பி மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கு எனக்கு அழுகை வந்துடுச்சுங்க" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "எங்கக்காவுக்கு நல்லது நடந்ததுக்கு நான் ஏன் அழணும், சொல்லுங்க?"

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டார். பல வருஷமாக அவரைப் பார்க்கிற டாக்டர். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் இல்லாதவர்.

"அந்தப் புது மாத்திரை உங்களுக்கு ஆகாது சார்."

"எங்கக்கா சாப்பிடறாங்களே டாக்டர். ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒரே ரத்தம்."

"ரத்தம் ஒண்ணா இருக்கலாம். வால்வு வேறயாச்சே. அவங்களுக்கு இருக்கறது பிறந்ததுலேர்ந்து இருக்கற வால்வு. உங்களுக்கு நாங்க வெச்சது. உங்கள மாதிரி ஆளுங்களுக்கும் அந்த வகை மாத்திரைகளைக் குடுத்துப் பார்த்திருக்காங்க. கட்டி விழறது அதிகமாச்சு. ஆராய்ச்சியையே பாதியில நிறுத்திட்டாங்க."

"அப்ப எனக்குன்னு வேற எதுவுமே வராதா?"

"தேடிக்கிட்டுதான் இருக்காங்க. எப்ப வரும்னு கேட்டா, எனக்குத் தெரியாது."

பொய்யாகவாவது ஒரு வருஷத்தைச் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதாம். டாக்டர்கள் எல்லாருமே தங்களைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகளுக்குப் பிரசவம். மனைவி லீவு போட்டுவிட்டு, வெளியூரிலிருந்த மகள் வீட்டுக்குப் போனார். போவதற்கு முன் மாத்திரையை எப்போது போட வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒப்பித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். இவர் தலையாட்டினார்.

அக்காவுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது எப்போதும் இவர்தான். மருந்துக்கடையில் சீட்டும் தெரியும், ஆளும் தெரியும். அந்தத் தடவை கூடுதலாக வாங்கினார். கடைக்காரர் கேட்கவில்லை. பழைய மாத்திரை டப்பாவை ஆணி டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அக்காவின் மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த நாட்களில் அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் சீட்டியடித்தார். கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தூசி படிந்திருந்த வைரமுனையை எடுத்து மறுபடியும் தானே கண்ணாடி வெட்டினார். சர்ரென்று ஒரு கோடு, டக்கென்று ஒரு தட்டு. ஓட்டலிலிருந்து கீரை வாங்கிவந்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்.

"என்ன, டெஸ்ட்டுக்குப் போகலையா இந்த மாசம்?" என்று கேட்டேன்.

"இனிமே வேணாம்னுட்டாங்க" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சீட்டி நின்றது. பெரிய சட்டங்களைத் தூக்கிப் பாதியிலேயே கீழே வைத்தார். படுத்தால் இருமல் வருகிறது என்று தலையணையை உயர்த்திக்கொண்டார். வயசாகிறது என்று நினைத்தாராம். தூசி என்று நினைத்தாராம். நினைக்க வேண்டிய ஒன்றை மட்டும் நினைக்காமல், மற்ற எல்லாவற்றையும் நினைத்திருக்கிறார்.

பேத்தி பிறந்து, மனைவி திரும்பி வந்தார். வந்த சில நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. அதற்குப் பிறகு நடந்ததை அந்த அம்மா எனக்குச் சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"கரண்ட் போனா முதல்ல எனக்கு அவரோட சத்தம்தான் கேக்கும். கல்யாணமான புதுசுல குறட்டை, அப்புறம் இந்த டிக் டிக். அன்னிக்கு எதுவுமே கேக்கலை. செத்துட்டாரோன்னு எழுந்து உட்கார்ந்துட்டேன்."

சாகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க சத்தம் கேக்கலையே."

"நிம்மதியாத் தூங்கு."

அந்த அம்மா அவர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். கம்பளிக்குள் இருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி மந்தமாக ஏதோ கேட்டது.

"என்ன பண்ணீங்க?"

அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். நான் இல்லாதப்போ என்ன பண்ணீங்க?"

"அக்கா மாத்திரையைச் சாப்பிட்டேன்."

அந்த அம்மா கத்தவில்லை, அழவில்லை. "சட்டையைப் போடுங்க" என்றார். தெருமுனைக்கு ஓடிப்போய் வண்டி பிடித்துவந்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் திரையில் பார்த்தபோது, ஒரு தகடு மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்னொன்று அசையவே இல்லை. விடுமுறை நாளாக இருந்தும் டாக்டரம்மா வந்துவிட்டார். திட்டுவார் என்று இவர் எதிர்பார்த்தாராம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டியைக் கரைக்கற மருந்து இருக்கு. மெதுவா ஏத்தணும். கரையறப்போ ஒரு துணுக்கு மூளைக்குப் போயிடலாம். எங்கயாவது ரத்தம் கசியலாம். அது வேணாம்னா மறுபடியும் நெஞ்சைத் திறக்கணும். இவர் இருக்கற நிலைமையில அது இன்னும் கஷ்டம்."

"எதுல டாக்டர் ஆபத்து இல்லாம இருக்கும்?" என்று மனைவி கேட்டார்.

"இல்லாததுன்னு எதுவும் இல்லம்மா. கம்மியானதைத்தான் தேட முடியும்."

கரைக்கிற மருந்தைத்தான் ஏற்றினார்கள். ஒட்டிக்கொண்டிருந்த தகடு மறுநாள் லேசாக அசைந்தது, பிறகு முழுசாகத் திறந்தது. ஆனால் டாக்டரம்மா பயந்ததும் நடந்தது. தண்ணீர் குடிக்க டம்ளரை வாங்கியவரின் இடது கையிலிருந்து அது நழுவி விழுந்தது. எடுக்கச் சொன்னால் விரல்கள் கேட்கவில்லை. பேச்சு போகவில்லை, கால் போகவில்லை. இடது கையின் பிடி மட்டும் போனது.

சட்டம் போடுகிறவருக்கு இடது கைதான் மூலையைச் சேர்த்துப் பிடிக்கிற கை. வலது கை ஆணிதான் அடிக்கும். மாதக்கணக்கில் ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் திரும்பியது. சட்டை பொத்தான் போடுகிற அளவுக்கு. மரத்தைப் பிடிக்கிற அளவுக்கு இல்லை.

மனைவி லாண்டரி வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். அவர் மூலையைப் பிடிக்க, இவர் அடிப்பார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு நாள் முழுக்கக் கேட்கும்.

"கோணலாப் பிடிக்கறே."

"நான் நேராத்தான் பிடிக்கறேன். நீங்க கோணலாப் பாக்கறீங்க."

இடையில் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். திசுவால் செய்த வால்வு இருக்கிறது. அதற்கு இந்த மாத்திரை ரொம்ப நாள் தேவைப்படாது. ஆனால் சில வருஷத்தில் அது தேய்ந்துபோகும், அப்போது மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும். "அடிக்கடி திறந்து மூட நான் என்ன கடை ஷட்டரா டாக்டர்?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பதிலாக, வீட்டிலேயே விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கிற சின்னக் கருவி ஒன்று வந்தது. ஆஸ்பத்திரி வரிசையும் பஸ்ஸும் மிச்சம். அளவு தடம் மாறினால் சீக்கிரமே தெரிந்துவிடும். பழைய மாத்திரைதான், பழைய கட்டுப்பாடுதான். அவருக்குக் கிடைத்த மாற்று அவ்வளவே.

அக்காவிடம் உண்மையைச் சொன்னது வெகுநாள் கழித்துத்தான். "என் மாத்திரையைத் திருடியாடா தின்னே?" என்று அக்கா கடைக்குள் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. "திருடலைக்கா, வாங்கித்தான் சாப்பிட்டேன்" என்றார் தம்பி. அதன்பிறகு அக்கா பல நாள் கடைப் பக்கம் வரவில்லை.

வராததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை என்பது பிறகு தெரிந்தது. அவருக்கு முழங்கால் வலி. யாரையும் கேட்காமல் வலி மாத்திரையை வாங்கி வாங்கிப் போட்டிருக்கிறார். அதுவும் இந்தப் புது மாத்திரையும் சேர்ந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. மலம் கறுப்பாகப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் குளியலறை வாசலில் மயங்கிக் கிடந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிப் போனார்கள்.

தம்பி போய்ப் பார்த்தபோது, அக்காவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கேட்கிற குரல், பக்கத்திலிருந்தவருக்கே கேட்கவில்லை.

"நல்லதுன்னுதானேடா குடுத்தாங்க?"

"நல்லதுதான்க்கா. நல்லதுக்கும் ஒரு விலை இருக்கும்போல."

வயிற்றுப் புண் ஆறிய பிறகு, அக்காவுக்கு டாக்டர்கள் வேறொன்று சொன்னார்கள். அவரைப் போலத் துடிப்பு தாளம் தப்புகிறவர்களுக்கு, கட்டி பெரும்பாலும் இதயத்தில் ஒரு சின்னப் பை போன்ற இடத்தில்தான் உருவாகும். தொடையில் இருக்கிற ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு அந்தப் பையின் வாயை அடைத்துவிடலாம். எல்லாம் சரியாக அமைந்தால், சில மாதம் கழித்து ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரையை நிறுத்திவிடலாம். செய்யும்போதும் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

அக்காவுக்குப் பயம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்டர் சொல்லிப் பார்த்தார், தம்பி மனைவியும் சொல்லிப் பார்த்தார். தம்பி மட்டும் ஒதுங்கி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"நீ என்னடா சொல்றே? எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்."

"நான் சொன்னா பொறாமையில சொல்றேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"பரவால்ல, சொல்லு."

அவர் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தார். சரியாக மூடாத இடது கையை அக்காவின் கைமேல் வைத்தார்.

"பண்ணிக்க அக்கா. டாக்டர்ங்க எல்லாத்தையும் எடுத்துச் சொல்லிட்டாங்க, யாருக்கும் தெரியாம நான் பண்ணின மாதிரி இல்ல இது. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது இதுலேர்ந்து வெளிய வரட்டும்."

பண்ணிக்கொண்டார். நல்லபடியாக முடிந்தது. சில மாதங்களில் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அதைச் சொல்ல அக்கா தானே நடந்து கடைக்கு வந்தார். குரல் பழையபடி திரும்பியிருந்தது. தெருவுக்கே செய்தி சொன்ன மாதிரிதான்.

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்றார் தம்பி. உண்மையாகத்தான் சொன்னார். அக்கா போன பிறகு வெகுநேரம் அந்தப் பக்கம் சுத்தியல் சத்தமே இல்லை.

"என்ன, மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கா?" என்று மனைவி கேட்பது கேட்டது.

"இல்ல."

"பொறாமையா?"

"அதுக்கெல்லாம் தெம்பு வேணுமே. அசதிதான்."

"சரி, எழுந்திருங்க. இந்தக் கண்ணாடியை எடுத்துட்டுப் போக ஆள் வந்து நிக்குது. நான் அடியில பிடிச்சுக்கறேன்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருமாக ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபடி, என் கடை வாசலைத் தாண்டி, தெருவில் நின்ற வண்டியை நோக்கி மெதுவாகப் போனார்கள்.